கோட்டுக்கு மேலே, கோட்டுக்குக் கீழே: பின்னங்களை அழகாக அச்சிடும் முறை

வெளிமாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களில், பிள்ளைகளின் படிப்பு பெற்றோருக்கு இரண்டாவது உத்தியோகம் என்றே சொல்லலாம். பள்ளியில் ஆங்கிலத்திலோ இந்தியிலோ கணக்குக் கற்றுவரும் பிள்ளைக்கு வீட்டில் தமிழில் சொல்லிக் கொடுக்கிறோம். விடுமுறை நாள் வகுப்புகளுக்கும் பயிற்சித் தேர்வுகளுக்கும் வினாத்தாள்களை நாமே கணினியில் அடித்து, நகலெடுத்துக் கொடுக்கிறோம். கூட்டல், கழித்தல், பெருக்கல் வரையில் தட்டச்சில் தொல்லையில்லை. பின்னம் வந்தவுடன்தான் கை தயங்குகிறது. மேலே ஓர் எண், கீழே ஓர் எண், நடுவில் ஒரு கோடு. இதை எப்படி அடிப்பது?

பெரும்பாலோர் 3/4 என்று சாய்கோடு போட்டு அடித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறோம். சில இடங்களில் அதுவே சரி. சில இடங்களில் அது பிள்ளையைத் தவறான விடைக்கு அழைத்துச் சென்றுவிடும். எந்த இடத்தில் எந்த வடிவம் என்று அறிந்து எழுதுவதே இந்தப் பாடம். அழகு என்று தலைப்பில் சொன்னாலும், பின்னத்தின் அழகு அலங்காரத்தில் இல்லை. பார்த்தவுடன் ஒரே ஒரு பொருள்தான் தோன்ற வேண்டும். அதுவே அதன் அழகு.

வடிவம் மாறினால் பொருள் மாறும்

முதலில் மிக எளிய எடுத்துக்காட்டு. ஒன்றரை என்பதை 1 என்று அடித்து, இடைவெளி விட்டு, 1/2 என்று அடிக்கிறோம். அந்த இடைவெளி சற்றுக் குறுகினால் அது 11/2 ஆகிவிடும். 11/2 என்பது ஐந்தரை. ஒன்றரைக்கும் ஐந்தரைக்கும் இடையில் இருந்தது ஓர் இடைவெளி மட்டுமே.

சமையல் குறிப்பில் இது நேர்ந்தால் உப்புக் கரிக்கும். மருந்துச் சீட்டில் நேர்ந்தால் விளையாட்டல்ல. "1/2 மாத்திரை" என்ற எழுத்தை அவசரத்தில் "1 அல்லது 2 மாத்திரை" என்று படித்துவிடக்கூடும் என்பதால், அங்கே "அரை மாத்திரை" என்று சொல்லால் எழுதுவதோ, ½ என்ற ஒற்றைக் குறியை இடுவதோ நல்லது என்று மருந்துப் பாதுகாப்புத் துறையினர் அறிவுறுத்துகிறார்கள். ஊரிலிருக்கும் வயதான பெற்றோருக்குக் கைபேசியில் மருந்தளவு எழுதி அனுப்புகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

நம் பிள்ளைகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. 3/4 என்பதை இந்தியில் "தீன் பட்டா சார்" என்பார்கள். ஆங்கில வகுப்பில் "த்ரீ பை ஃபோர்". இரண்டிலும் மேல் எண் முதலில் வருகிறது. தமிழிலோ "நான்கில் மூன்று" என்கிறோம். கீழ் எண் முதலில் வந்துவிடுகிறது. பள்ளியில் மேலிருந்து கீழாகக் கேட்டுப் பழகிய பிள்ளை, வீட்டில் "நான்கில் மூன்று" என்று சொல்லக் கேட்டு 4/3 என்று எழுதினால் அது பிள்ளையின் குற்றமல்ல. இரு மொழிகளின் வரிசை வேறு. ஆகவே வாயால் சொல்லும்போதே தாளில் தெளிவாக எழுதிக் காட்டவும் வேண்டும். கோட்டுக்கு மேலிருப்பது தொகுதி, எடுத்துக்கொண்ட பங்குகள். கோட்டுக்குக் கீழிருப்பது பகுதி, முழுமையை எத்தனையாகப் பிரித்தோம் என்பது. கண் பார்த்தால் காது குழம்பாது.

கோடு வந்த கதை

பின்னத்தை ஒன்றன்மேல் ஒன்றாக எழுதும் வழக்கம் இந்தியாவில் மிகப் பழையது. 1881இல் பெஷாவருக்கு அருகில் கிடைத்து, பின்னர் ஆக்ஸ்போர்டின் போட்லியன் நூலகத்திற்குச் சென்ற பக்ஷாலி ஏட்டில், தொகுதி மேலேயும் பகுதி கீழேயும் எழுதப்பட்டிருக்கின்றன. நடுவில் கோடு கிடையாது. முழு எண்ணும் சேர்ந்து வந்தால் அதை எல்லாவற்றிற்கும் மேலே எழுதினார்கள். ஆக, ஒன்றரை என்பது 1, 1, 2 என மூன்று எண்கள் செங்குத்தாக அடுக்கியது போல இருக்கும்.

நடுவில் கிடைக்கோடு இடும் வழக்கம் 12ஆம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்காவின் அரபுக் கணித அறிஞர்களிடம் காணப்படுகிறது. அவர்களில் அல்ஹஸ்ஸார் முக்கியமானவர். இத்தாலியின் பிபொனாச்சி 1202இல் எழுதிய கணக்கு நூலில் இந்தக் கோட்டைப் பயன்படுத்தினார். வலமிருந்து இடமாக எழுதும் அரபு முறையை ஒட்டி, அவர் பின்னத்தை முழு எண்ணுக்கு இடப்பக்கத்தில் எழுதியது ஒரு சுவையான செய்தி.

கையால் எழுதுகிறவருக்குக் கோடு எளிது. அச்சுக்கோப்பவருக்கோ அது பெரும் தொல்லை. ஈய எழுத்துகளை வரிவரியாக அடுக்கும் தொழிலில், வரியின் நடுவே ஒரு பின்னம் வந்தால் சிறிய எழுத்துகளைத் தேடி எடுத்து, மேலே ஒன்று, நடுவில் மெல்லிய உலோகக் கோடு, கீழே ஒன்று என்று பொருத்தி, சுற்றிலும் இடைவெளிக் கட்டைகளை இட்டு இறுக்க வேண்டும். கணித நூல்களை அச்சிட அதிகச் செலவானதற்கு இதுவும் ஒரு காரணம். இந்தத் தொல்லையைக் குறைக்கவே 19ஆம் நூற்றாண்டில் டி மார்கன் சாய்கோட்டைப் பரிந்துரைத்தார். கேம்பிரிட்ஜின் ஸ்டோக்ஸ் 1880இல் வெளிவந்த தமது கட்டுரைத் தொகுப்பில் அதைப் பரவலாகக் கையாண்டார். சாய்கோட்டுப் பின்னம் ஒரே வரியில் அடங்கிவிடும். இன்று கணினி விசைப்பலகையில் நாம் தட்டும் சாய்கோடு, அந்த ஈய எழுத்துக் காலத்துச் சிக்கனத்தின் வாரிசு.

மூன்று வடிவங்கள்

இன்று நம் கையில் மூன்று வடிவங்கள் இருக்கின்றன.

முதலாவது, அடுக்குப் பின்னம். தொகுதி மேலே, கிடைக்கோடு நடுவே, பகுதி கீழே. பாடப்புத்தகங்களில் காண்பது இதுவே.

இரண்டாவது, வரிப் பின்னம். 3/4 என எல்லா எழுத்தும் ஒரே அளவில், ஒரே வரியில் அமையும்.

மூன்றாவது, குறுஞ்சாய்வுப் பின்னம். ½, ¼, ¾ என்று சிறிய எண்கள் சாய்கோட்டின் இருபுறமும் ஏறி இறங்கி நிற்கும். இவை ஒவ்வொன்றும் ஒரு தனி எழுத்தாகவே கணினியில் உள்ளன. பழைய ஆங்கிலத் தட்டச்சுப் பொறிகள் பலவற்றிலும் ½, ¼ ஆகியவற்றிற்குத் தனி விசை இருந்தது பலருக்கு நினைவிருக்கும்.

மூன்றில் உயர்ந்தது எது என்ற கேள்விக்கு இடமில்லை. இடத்திற்கு ஏற்றது எது என்பதே கேள்வி.

எட்டு விதிகள்

1. தனி வரியில் வரும் கணக்குக்கு அடுக்குப் பின்னமே ஏற்றது. அங்கே இடத்திற்குப் பஞ்சமில்லை. மேலும் கிடைக்கோடு ஓர் அடைப்புக்குறியின் வேலையையும் செய்கிறது. இதைப் பாருங்கள்:

 5 + 7
————— = 2
 2 + 4

கோட்டுக்கு மேலிருப்பது முழுவதும் ஒரு கட்டு, கீழிருப்பது முழுவதும் ஒரு கட்டு என்று கோடே சொல்லிவிடுகிறது. 12ஐ 6ஆல் வகுக்க 2.

2. அதையே ஒரே வரியில் எழுதினால் அடைப்புக்குறி கட்டாயம். (5+7)/(2+4) என்று எழுத வேண்டும். அடைப்புக்குறியை விட்டு 5+7/2+4 என்று எழுதினால், விதிப்படி முதலில் 7ஐ 2ஆல் வகுத்து, பிறகு கூட்ட வேண்டும். விடை 12.5 ஆகிவிடும். வினாத்தாளை அடிப்பவர் புத்தகத்திலுள்ள அடுக்குப் பின்னத்தை வரிப் பின்னமாக மாற்றும்போது நேரும் மிகப் பெரிய பிழை இதுதான். கோட்டை எடுத்தால், அது செய்துவந்த வேலைக்கு அடைப்புக்குறியை நியமிக்க வேண்டும்.

3. வாக்கியத்தின் நடுவே அடுக்குப் பின்னத்தைத் தவிர்க்கவும். வாக்கியத்தினுள் அடுக்குப் பின்னத்தை நுழைத்தால், ஒன்று அதன் எண்கள் மிகச் சிறியவையாகிவிடும், அல்லது வரிகள் விலகிப் பக்கம் பல் விழுந்தது போலத் தோன்றும். தமிழில் இந்த நெருக்கடி அதிகம். நம் எழுத்துகளில் கி, கீ போன்றவற்றின் கொம்பு மேலே ஏறும், கு, கூ போன்றவற்றின் வளைவு கீழே இறங்கும். மேல் வரியின் வளைவும் கீழ் வரியின் கொம்பும் பின்னத்தை இருபுறமும் உரசும். ஆகவே வாக்கியத்தில் 3/4 அல்லது ¾ போதும். சிறிய எண்களாக இருந்தால் முக்கால், அரை என்று சொல்லாலேயே எழுதலாம்.

4. கோடு சமக்குறிக்கு நேராக இருக்க வேண்டும். அடுக்குப் பின்னத்தின் கோடு, பக்கத்திலுள்ள கழித்தல் குறியோடு ஒரே மட்டத்தில், சமக்குறியின் இரு கோடுகளுக்கு நடுவில் செல்ல வேண்டும். கோட்டின் தடிப்பும் கழித்தல் குறியின் தடிப்பை ஒத்திருக்க வேண்டும். நீளம், மேலும் கீழும் உள்ளவற்றில் எது அகலமோ அதைவிடச் சற்றே அதிகம். தொகுதியும் பகுதியும் கோட்டின் நடுவில் அமைய வேண்டும். பிள்ளைகளின் கையெழுத்திலும் இதைப் பழக்கலாம். சமக்குறியை எழுதிவிட்டு அதன் நடுமட்டத்தில் பின்னக் கோட்டை இழுக்கச் சொல்லுங்கள். கணக்குப் படிப்படியாக இறங்கும்போது கோணலாகாது.

5. கலப்புப் பின்னத்தில் முழு எண்ணும் பின்னமும் நெருங்கி நிற்க வேண்டும், ஆனால் கலந்துவிடக் கூடாது. தமிழில் ஒன்றரை, இரண்டேகால், மூன்றேமுக்கால் என்று ஒரே சொல்லாக ஒட்டிச் சொல்கிறோம். இந்தியிலும் ஒன்றேகாலுக்கு ஸவா, ஒன்றரைக்கு டேட், இரண்டரைக்கு டாயீ என்று தனித்தனிச் சொற்களே இருப்பதைக் கடைவீதியில் தினமும் கேட்கிறோம். சொல்லில் இருக்கும் அந்த ஒட்டு அச்சிலும் வேண்டும். 1½ என்பது அதைச் செய்கிறது. பின்னத்தின் எண்கள் சிறியவையாக இருப்பதால் முழு எண் தனித்துத் தெரிகிறது. இடையில் இடைவெளி தேவையில்லை. வரிப் பின்னமாகத்தான் எழுத வேண்டுமென்றால் 1 + 1/2 என்றோ, 3/2 என்றோ எழுதிவிடுவது பத்திரம்.

6. அடுக்கில் வரும் பின்னத்திற்குச் சாய்கோடே சரி. 16இன் அடுக்காக 3/4 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சிறிய இடத்தில் மேலும் கீழுமாக எண்களை அடுக்கினால் நகலெடுக்கும்போது அவை புள்ளிகளாகிவிடும். சாய்கோடு போட்டு, 3/4 முழுவதும் மேலே ஏறியிருக்கிறதா என்று பார்க்கவும். 16இன் அடுக்கு 3/4 என்றால் விடை 8. 3 மட்டும் மேலே ஏறி, 4 கீழே தங்கிவிட்டால் 4096/4, அதாவது 1024.

7. பின்னத்திற்குள் பின்னம் வந்தால் பெரிய கோடு எது என்பது தெரிய வேண்டும். 2/3/4 என்று எழுதினால் என்ன பொருள்? 2/3ஐ 4ஆல் வகுத்தால் 1/6. 2ஐ 3/4ஆல் வகுத்தால் 8/3. முதலாவது ஒன்றைவிடச் சிறியது, இரண்டாவது இரண்டைவிடப் பெரியது. இத்தகைய இடத்தில் வெளிக்கோட்டை அடுக்காகவும் உள்ளே இருப்பதைச் சாய்கோடாகவும் அமைத்தால் குழப்பம் தீரும்:

 2
——— = 8/3
3/4

8. வேற்றுமை உருபைப் பின்னத்தின்மேல் ஏற்றாதீர்கள். இது தமிழுக்கே உரிய விதி. ½ஐ, ¾க்கு என்று எழுதினால் வாசிப்பவர் "அரையை" என்பதா, "ஒன்று பை இரண்டை" என்பதா என்று ஒரு கணம் நிற்பார். அடுக்குப் பின்னமாக இருந்தால் உருபு எங்கே ஒட்டுகிறது என்பதே தெரியாது. "3/4 என்ற பின்னத்தை 2ஆல் பெருக்குக" என்று வாக்கியத்தைச் சற்று நீட்டி எழுதினால் உருபு சொல்லோடு போய்விடும், பின்னம் தனியே நிற்கும்.

ராமானுஜனின் தொடர் பின்னங்கள்

பின்னங்களை அச்சிடுவதில் கடினமான தேர்வு தொடர் பின்னம்தான். பகுதிக்குள் ஒரு பின்னம், அதன் பகுதிக்குள் மற்றொரு பின்னம் என்று படிக்கட்டு போல இறங்கிக்கொண்டே போகும். சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராக இருந்த ராமானுஜன், 1913 ஜனவரி 16ஆம் தேதியிட்டு ஹார்டிக்கு எழுதிய புகழ்பெற்ற கடிதத்தில் இத்தகைய தொடர் பின்ன முடிவுகளும் இருந்தன.

வட்டத்தின் சுற்றளவுக்கும் விட்டத்திற்கும் உள்ள விகிதமான பையை எடுத்துக்கொள்வோம். அதன் தொடர் பின்னம் 3, 7, 15, 1 என்று தொடங்குகிறது:

3 + 1/(7 + 1/(15 + 1/(1 + …)))

முதல் படியில் நிறுத்தினால் 3 + 1/7, அதாவது பள்ளியில் படித்த 22/7. அடுத்த படியில் 333/106. அதற்கடுத்த படியில் 355/113. இந்தக் கடைசிப் பின்னம் ஆறு தசம இடங்கள் வரை சரியானது. மேலே கண்டபடி ஒரே வரியில் எழுதும்போது இறுதியில் எத்தனை அடைப்புக்குறிகள் சேர்ந்துவிட்டன, பாருங்கள். ஒன்று விட்டுப்போனாலும் கணக்கு மாறிவிடும்.

அடுக்காக எழுதினால் வேறொரு தொல்லை. கணினி ஒவ்வொரு படியிலும் எழுத்தைச் சிறிதாக்கிக்கொண்டே போகும். மூன்றாம் படியில் பூதக்கண்ணாடி தேவைப்படும். தொடர் பின்னத்தில் எல்லாப் படிகளும் ஒரே மதிப்புடையவை. ஆகவே எல்லா எண்களும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்பது அச்சு மரபு. இடம் போதாதபோது, அச்சுக்காரர்கள் ஓர் உபாயம் கண்டார்கள். பின்னங்களை வரிசையாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இடையிலுள்ள கூட்டல் குறியைப் பகுதியின் மட்டத்திற்குக் கீழே இறக்கிவிடுவார்கள். கூட்டல் குறி கீழே இருந்தால், அடுத்து வருவது பகுதியோடு சேர்ந்தது என்று பொருள். ஒரு குறி நிற்கும் உயரம்கூடக் கணிதத்தில் ஒரு செய்தி.

ராமானுஜன் 1914இல் வெளியிட்ட கட்டுரையில் பைக்கு ஒரு வியப்பான தோராய மதிப்பும் உண்டு. 2143/22 என்ற பின்னத்தின் நான்காம் மூலம் அது. எட்டுத் தசம இடங்கள் வரை பையோடு ஒத்துப்போகும். இதை அச்சிடும்போது 2143/22 முழுவதையும் அடைப்புக்குறிக்குள் வைத்து, அதற்கு வெளியே அடுக்காக 1/4 இட வேண்டும். அடைப்புக்குறியை மறந்தால் 22க்கு மட்டும் நான்காம் மூலம் என்றாகிவிடும். இரண்டாம் விதியும் ஆறாம் விதியும் இங்கே சேர்ந்து வேலை செய்கின்றன.

கணினியில் செய்வது எப்படி?

கணித அச்சுக்கென்றே உருவான மென்பொருள் டெக். அதை உருவாக்கியவர் அமெரிக்கக் கணினி அறிஞர் டொனால்டு குனுத். 1977இல் தமது நூலின் புதிய பதிப்புக்கு வந்த அச்சுப்படிகளின் தோற்றம் பிடிக்காமல், தாமே ஓர் அச்சுமுறையை உருவாக்கத் தொடங்கினார். டெக் பின்னத்தை இடமறிந்து அமைக்கிறது. தனி வரியில் வந்தால் முழு அளவு. வாக்கியத்தினுள் வந்தால் 10 பாயிண்ட் எழுத்து 7 பாயிண்டாகக் குறையும். அதற்குள்ளும் பின்னம் வந்தால் 5 பாயிண்ட். கோட்டின் மட்டத்தையும் நீளத்தையும் அதுவே பார்த்துக்கொள்ளும். டெக்கின் மேல் எழுந்த லேடெக்கில் இதற்கு ஃபிராக் என்ற கட்டளை உண்டு. தொடர் பின்னத்தில் எழுத்து சிறுத்துவிடாமல் காக்க சிஃபிராக் என்ற தனிக் கட்டளையும் கணிதத் தொகுப்பில் இருக்கிறது. இரண்டும் இலவசம். கல்லூரிக்குச் செல்லும் பிள்ளைகள் கற்றுவைத்தால் ஆய்வேட்டுக்கும் உதவும்.

வீட்டில் பெரும்பாலும் இருப்பது மைக்ரோசாஃப்ட் வேர்டு. அதில் ஆல்ட் விசையையும் சமக்குறி விசையையும் சேர்த்து அழுத்தினால் சமன்பாட்டுப் பெட்டி திறக்கும். உள்ளே 3/4 என்று அடித்து இடைவெளி விசையைத் தட்டினால் அதுவே அடுக்குப் பின்னமாகிவிடும். (5+7)/(2+4) என்று அடைப்புக்குறியோடு அடித்துத் தட்டினால், அடைப்புக்குறிகள் மறைந்து கோடு வந்துவிடும். இரண்டாம் விதியில் நாம் சொன்ன கோடு, அடைப்புக்குறி உறவை இங்கே கண்ணாரக் காணலாம். பிள்ளைகளுக்குக் காட்டுங்கள், மறக்கவே மாட்டார்கள்.

இரு எச்சரிக்கைகள். முதலாவது, வேர்டு 1/2, 1/4, 3/4 ஆகியவற்றைத் தானாகவே ½, ¼, ¾ என்று மாற்றிவிடும். 1/3, 2/5 போன்றவற்றை மாற்றாது. அதனால் ஒரே வினாத்தாளில் ஒரு கேள்வியில் ½ என்றும் அடுத்ததில் 1/3 என்றும் வந்து பக்கம் ஒழுங்கற்றுப்போகும். ஒன்று அந்தத் தானியங்கி மாற்றத்தை நிறுத்திவிடவும், அல்லது எல்லாவற்றையும் சமன்பாட்டுப் பெட்டியில் அடிக்கவும்.

இரண்டாவது, சிலர் சாதாரண 1ஐ மேலே ஏற்றியும் 2ஐக் கீழே இறக்கியும் பின்னம்போலக் காட்டுகிறார்கள். தாளில் அழகாகத்தான் இருக்கும். அதை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டினால் ஏற்றமும் இறக்கமும் உதிர்ந்து, ஒன்றரை மறுபடியும் 11/2 ஆகிவிடும். கைபேசியில் அனுப்புவதற்கு ½ என்ற தனி எழுத்தோ, அரை என்ற சொல்லோதான் நம்பகமானது. கணக்குத் தாளாக இருந்தால் பிடிஎஃப் கோப்பாக்கி அனுப்பவும்.

கோடில்லாத தமிழ்ப் பின்னங்கள்

மேலே எண், கீழே எண் என்ற தொல்லையே இல்லாத ஒரு முறை நம்மிடம் இருந்தது. பழைய தமிழ்க் கணக்கில் ஒவ்வொரு முக்கியப் பின்னத்திற்கும் ஒரு தனிப் பெயரும் ஒரு தனிக் குறியும் உண்டு. திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியில் இவற்றை மனப்பாடம் செய்வித்தார்கள். முக்கியமானவை:

முக்கால் – 3/4
அரை – 1/2
கால் – 1/4
நாலுமா – 1/5
மூன்று வீசம் – 3/16
அரைக்கால் – 1/8
இருமா – 1/10
வீசம் அல்லது மாகாணி – 1/16
மா – 1/20
காணி – 1/80
முந்திரி – 1/320

ஏன் 320 என்று பிள்ளைகள் கேட்பார்கள். வீசம் 16இல் ஒன்று, மா 20இல் ஒன்று. 320 என்ற எண் இரண்டாலும் மீதியின்றி வகுபடும். ஆகவே 20 முந்திரி ஒரு வீசம், 16 முந்திரி ஒரு மா, 4 முந்திரி ஒரு காணி. பொதுப் பகுதி காணும் கணக்கைத் தனியே செய்யாமலே முந்திரியாக மாற்றிக் கூட்டிவிடலாம். 1957 ஏப்ரல் 1ஆம் தேதி தசம நாணயம் வரும்வரை ரூபாய்க்கு 16 அணா. ஓர் அணா என்பது ரூபாயில் ஒரு வீசம். வீட்டிலுள்ள பெரியவர்கள் "மாகாணிக் கணக்கு" என்று சொல்வது எதை என்று இப்போது விளங்கும்.

இந்தத் தமிழ்ப் பின்னக் குறிகள் கணினியில் நெடுங்காலம் இடம்பெறாமல் இருந்தன. 2019இல் வெளிவந்த யூனிகோடு 12.0 பதிப்பில் தமிழுக்கான துணைத் தொகுதியில் அவை சேர்க்கப்பட்டன. எல்லா எழுத்துருக்களிலும் அவை இல்லை. இல்லாத எழுத்துருவில் வெற்றுக் கட்டம் மட்டுமே தோன்றும். நோட்டோ வரிசையில் இவற்றிற்கென்றே ஓர் எழுத்துரு இலவசமாகக் கிடைக்கிறது. மலர்களிலும் பாடத்தாள்களிலும் பயன்படுத்த விரும்புவோர் அதை நிறுவிக்கொண்டு, எழுத்துரு உள்ளடங்கிய பிடிஎஃப் கோப்பாக அச்சகத்திற்குக் கொடுக்கவும்.

குறிகளை எல்லாரும் கற்க வேண்டும் என்பதல்ல நம் வேண்டுகோள். பெயர்களையாவது காப்பாற்றலாம். பள்ளியில் "பட்டா" என்றும் "பை" என்றும் படிக்கும் பிள்ளைக்கு, அரைக்கால் என்றால் அரையில் கால், எட்டில் ஒன்று என்று சொல்லிக் கொடுத்தால், பின்னத்தின் பெருக்கலே அந்தப் பெயருக்குள் இருப்பதைக் கண்டுகொள்ளும்.

பயிற்சி

பிள்ளைகளோடு சேர்ந்து செய்து பாருங்கள்.

1. "3+9/2+1இன் மதிப்பு 4" என்று ஒரு தாளில் அச்சாகியிருக்கிறது. அச்சிட்டவர் எழுத நினைத்தது என்ன? அச்சிலுள்ளபடி மதிப்பு என்ன?

2. இரண்டேகால் மீட்டர் துணி என்பது 21/4 மீட்டர் என்று அச்சாகிவிட்டது. கடைக்காரர் எவ்வளவு வெட்டுவார்? எப்படி அச்சிட்டிருக்க வேண்டும்?

3. 1/2/5 என்பதற்கு எத்தனை பொருள்? ஒவ்வொன்றின் மதிப்பு என்ன?

4. "¾ஐ 8ஆல் பெருக்குக" என்ற வினாவை எட்டாம் விதிப்படி திருத்தி எழுதி, விடையும் காண்க.

5. அரைக்காலும் வீசமும் சேர்ந்தால் என்ன பெயர்? அதோடு இன்னொரு வீசம் சேர்ந்தால்?

விடைகள்

1. நினைத்தது (3+9)/(2+1). அச்சிலுள்ளபடி 8.5.

2. ஐந்தேகால் மீட்டர். 2¼ மீட்டர் என்றோ, இரண்டேகால் மீட்டர் என்றோ அச்சிட வேண்டும்.

3. இரண்டு. 1/2ஐ 5ஆல் வகுத்தால் 1/10. 1ஐ 2/5ஆல் வகுத்தால் 5/2, அதாவது 2½.

4. "3/4 என்ற பின்னத்தை 8ஆல் பெருக்குக." விடை 6.

5. மூன்று வீசம். இன்னொரு வீசம் சேர்ந்தால் கால்.